சிஸ்டரின் பத்தாவது குண்டு

மரியபுஷ்பம் சிஸ்டரைக் குருவையா கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, இடது முழங்கைக்கு அடியில் பழைய தலையணை உறை ஒன்றை மடித்து வைத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தைச் சாய்த்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "மணி என்ன பால்காரரே?" என்று கேட்டார். ஏழு இருபது என்றார் குருவையா. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் ஊசிக்கும் பிறப்புக்கும் சாவுக்கும் மணி குறித்து எழுதிய பெண்மணி அவர். ஓய்வுபெற்று, ஐம்பத்தெட்டாவது வயதில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்ட பிறகும், கடைசித் தோட்டாவுக்கு முன்னால் மணி கேட்காமல் விசையைத் தொடமாட்டார். தொட்டார். சத்தம் கேட்டது. பிறகு அவர் எழுந்திருக்கவில்லை.

ஐந்து நிமிடம் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை, ஏனென்றால் சிஸ்டர் சுட்டபின் அப்படிக் கிடப்பது வழக்கம். ஆறாவது நிமிடம் குருவையா குனிந்து தோளைத் தொட்டார். அப்புறம் துப்பாக்கியின் பூட்டைத் திறந்தார். காலிக் கூடு அவர் உள்ளங்கையில் சூடாக விழுந்தது. அதை ஏன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் என்று அவருக்கு அன்றைக்கும் தெரியாது, பிறகும் தெரியவில்லை.

மஞ்சநாயக்கன்கோட்டை துப்பாக்கி சுடும் கழகத்தில் காலிக் கூட்டை எடுத்துப்போவது சின்னக் குற்றமில்லை. அது தோட்டாப் பஞ்சத்தின் மூன்றாவது வருடம். எங்கோ ஒரு கடலில் எவனோ எவனோடோ சண்டை போட்டதால் கப்பல் வரவில்லை என்றார்கள். எட்டு ரூபாய்த் தோட்டா பதினெட்டாகி, முப்பதாகி, எழுபதாகி, அப்புறம் எழுபது கொடுத்தாலும் இல்லை என்றானது. பத்துக் காலிக் கூடு கொடுத்தால்தான் பத்துப் புதுத் தோட்டா என்று கழகம் விதி போட்டது. ஊருக்குள் குடிதண்ணீர் பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது, அதற்காக ஒரு கூட்டமும் நடக்கவில்லை. ஆனால் மில் முதலாளிகளும் வக்கீல்களும் ஏலக்காய் எஸ்டேட்காரர்களும் தோட்டாவுக்காக வாரம் இரண்டு தரம் கூடி, நாடு எங்கே போகிறது என்று முந்திரிப்பருப்பை மென்றுகொண்டே கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் வீட்டில் பதுக்கியிருந்தார்கள். வக்கீல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். எஸ்டேட்காரர் மாமியாரின் சாமி அலமாரியில் வைத்திருந்தார். செயலாளர் வெங்கிடுபதி தன் நூல்மில் கிடங்கில் 'கழிவுப் பஞ்சு' என்று எழுதிய மூட்டைக்குள் நாலாயிரம் தோட்டா வைத்திருந்தார், அது மில் கூலிகளுக்குக்கூடத் தெரியும். ஒரு கல்யாணத்தில் மொய்க்கவருக்குள் ஐந்து தோட்டா வந்ததென்றும், பெண்ணைப் பெற்றவர் மேடையிலேயே கண்கலங்கினாரென்றும் சொல்வார்கள்.

குருவையா பால் கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்புச் சோதிப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் அளவுக்குழாயை விட்டு விட்டு, எந்தப் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தவர். மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளை எங்கேயாவது கொண்டுபோய்த் தொலைக்க வேண்டியிருந்ததால் கழகத்தில் சேர்ந்தார். அங்கே இருந்தவர்களைப் பார்த்ததும் அவருக்குக் குழாய் ஞாபகம்தான் வந்தது. விட்டுப் பார்க்கவே தேவையில்லாத சரக்கு. சிஸ்டர் ஒருவர்தான் வேறு. பஞ்ச காலத்தில் மற்றவர்கள் புலம்பினார்கள்; சிஸ்டர் வீட்டில் வெறும் கட்டையைத் தோளில் வைத்து, அதன் நுனியில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி, அது விழாமல் விசையை இழுக்கப் பழகினார், தினமும் நூறு தரம். மாதம் இரண்டு தோட்டாவாகச் சேர்த்து, ஐந்து மாதத்தில் பத்து ஆனதும் வருடாந்திரப் போட்டிக்குப் பேர் கொடுத்தார். கழகத்துச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. நூற்றுக்கு யார் எவ்வளவு அதிகம் எடுத்தாரோ அவர் பேர் அதில் பொன் எழுத்தில் இருக்கும். இருபத்தாறு வருடமாக அதில் வெங்கிடுபதி, தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. அந்தத் தொண்ணூற்றெட்டைப் பார்த்த சாட்சி வெங்கிடுபதியின் மைத்துனர் ஒருவர்தான். "அந்தப் பலகையில எம்பேரு ஒரு நாள் ஏறணும் பால்காரரே, அதுக்கப்புறம் நான் தையல் கத்துக்கப் போறேன்" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு முதல் ஒன்பது குண்டும் நடுப்புள்ளிக்குள் போயின. தூரக்கண்ணாடியில் பார்த்த கழகத்து ஆள் ஒச்சு, ஒன்பதும் ஒரே ஓட்டை, சுண்டுவிரல் நுழையும் என்றார்.

பத்தாவதைத்தான் காணவில்லை. சிஸ்டரை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, குறி அட்டையை எடுத்து வரப் போன ஒச்சு பாதி வழியில் முட்டியில் எதிலோ இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சுட்ட இடத்திலிருந்து முப்பத்தோரு மீட்டரில், முழங்கால் உயரத்தில், பத்தாவது குண்டு நின்றது. நின்றது என்றால் நிற்கவில்லை. மெதுவாகச் சுற்றிக்கொண்டு, அட்டையை நோக்கி, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை போய்க்கொண்டிருந்தது. ஒச்சு கையால் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. முட்டிக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டார்.

சிஸ்டரை மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். குண்டைப் பற்றி ஊரில் இரண்டு வாரம் பேச்சிருந்தது, பிறகு அது தண்ணீர்த்தொட்டி மாதிரி, பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். வாசலில் அவித்த கடலை விற்றது. மழைக்கு நனையாமல் தகரக் கூரை போட்டார்கள். ஒரு சிலந்தி குண்டுக்கும் தூணுக்கும் வலை கட்டி, தினமும் வலை இழுபட, தினமும் புதிதாகக் கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்சுகள் நாலு பேர் பணி உடுப்போடே வந்து, கொஞ்ச நேரம் நின்று, ஒருத்தி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போனார்கள். கழகத்துக்கு எதிரே முடிவெட்டும் கடைக்காரர் கூரையின் தூண்களைக் கணக்கு வைத்து, குண்டு இந்தத் தூணைத் தாண்டினால் தீபாவளி, அந்தத் தூணைத் தாண்டினால் பொங்கல் என்று சொல்ல ஆரம்பித்தார், ஒருதரமும் தப்பவில்லை. அரசு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, தோட்டா இருப்பா செலவா என்று கேட்டார். கூடு காலி, ஆகவே இருப்பில் இல்லை. குண்டு போய்ச் சேரவில்லை, ஆகவே செலவும் இல்லை. யோசித்து, 'வழியில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு சொல்லில் வெங்கிடுபதி கண் விழித்துக்கொண்டார். கழகத்தின் சட்டதிட்டத்தில் யாரும் படிக்காத ஒரு பிரிவு இருந்தது: போட்டியில் சுட்டுக்கொண்டிருப்பவர் பேரில், போட்டி முடிகிறவரை, மாதம் நூறு தோட்டா தனி ஒதுக்கீடு. பஞ்ச காலத்திலும் அந்த ஒதுக்கீட்டை மேலே யாரும் வெட்டியிருக்கவில்லை, ஏனென்றால் எந்தப் போட்டியும் ஒரு நாளுக்கு மேல் நடந்ததில்லை.

"போட்டி முடியலையே" என்றார் வெங்கிடுபதி, கூட்டத்தில், அழாத குறையாக. "சிஸ்டரோட குண்டு இன்னும் போய்க்கிட்டிருக்கு. ஆட்டத்துல இருக்குறவங்களை நாம எந்த வாயால செத்துப்போனதாச் சொல்றது? அது அவங்களுக்குச் செய்யுற மரியாதையா?"

மரியாதை இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த மாதமே நூறு தோட்டா வந்தது. சிஸ்டர் உயிரோடிருந்தபோது அவருக்கு வணக்கம் சொல்லாத வக்கீல், அவர் பேரைச் சொல்லி முப்பது வாங்கிக்கொண்டார். வெங்கிடுபதி நாற்பது. எஸ்டேட்காரர் இருபது. மிச்சம் பத்து.

மிச்சம் பத்து குருவையாவுக்கு. அதற்குக் காரணம் உண்டு. ஒதுக்கீட்டுக்கு வருடம் ஒருமுறை உறுப்பினரின் ஒப்பம் வேண்டும், உயிருடன் இருக்கிறேன், போட்டியில் இருக்கிறேன் என்று. சிஸ்டரின் கையெழுத்து குருவையாவுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ ஞாயிறுகள் வருகைப் பதிவில் அவர் பேருக்குக் கீழே தன் பேரை எழுதியவர். சின்ன 'ம', நீண்ட 'ரி', முடிவில் ஒரு புள்ளி. "நீங்க போட்டாத்தான் அச்சா வரும்" என்று வெங்கிடுபதி சொன்னார். குருவையா போட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பத்துத் தோட்டா மாதாமாதம் வரும் என்ற நினைப்பு நாக்கில் பால்கோவா மாதிரி இருந்தது, அவ்வளவுதான் உண்மை. வேறு எந்த உண்மையையும் அவர் பிறகு தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பத்தை ஞாயிறு காலை சுட்டு எண்பத்திரண்டோ எண்பத்தாறோ எடுத்துவிட்டுக் கூடுகளை ஒச்சுவிடம் கொடுக்கும்போது, "என்ன சார், சிஸ்டர் பென்சன் வந்திருச்சா?" என்று ஒச்சு கேட்பார். சட்டைப்பையில் இருந்த அந்தப் பழைய கூடு, ஒவ்வொரு நாளும் எந்தச் சட்டைக்கு மாறினாலும், அப்போதுதான் பூட்டிலிருந்து விழுந்தது போலச் சூடாகவே இருந்தது. மார்பில் ஒரு புள்ளி சிவந்து, பிறகு கறுத்துப்போனது.

இரண்டாம் வருடமும் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வருடமும்.

மூன்றாம் வருடக் கடைசியில் குண்டு அட்டைக்கு ஒரு முழ தூரத்தில் வந்துவிட்டது. கூட்டம் போட்டார்கள். குண்டை நிறுத்த முடியாது, அட்டையை நகர்த்தலாம். அட்டையைத் தாங்கிய மரச்சட்டமும், அதன் பின்னால் குண்டு போய்ப் புதைகிற மணல் பெட்டியும் சேர்த்து ஒரே கட்டாக இருந்தன. பஞ்சம் வந்ததிலிருந்து ஒவ்வொரு சட்டத்துக்கும் அப்படி ஒரு பெட்டி. போட்டி முடிந்ததும் மணலைச் சலித்து, ஈயத்தை ஒச்சு எடை போட்டுக் கொடுப்பார், கழகம் அதை விற்றுக்கொள்ளும். சிஸ்டரின் பெட்டிக்குப் போட்டியன்று காலைதான் புது ஆற்றுமணல் கொட்டியிருந்தார்கள். போட்டி முடியாததால் அதை யாரும் சலிக்கவில்லை. சட்டத்தைப் பின்னால் நகர்த்தினால் ஐம்பது மீட்டர் தூரம் பிசகுமே என்று கழகத் தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மஞ்சநாயக்கன்கோட்டையில் அவருக்கு இருபது வருடத்தில் வந்த முதல் சந்தேகம் அது. வெங்கிடுபதி அதற்கும் வழி சொன்னார். சட்டம் எவ்வளவு பின்னால் போகிறதோ, சிஸ்டர் படுத்திருந்த விரிப்பையும் அவ்வளவு முன்னால் இழுத்துவிட்டால் ஐம்பது ஐம்பதாகவே இருக்கும். அப்படியே தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டார்கள். கை நடுங்காமல் நூல் பிடித்து நகர்த்தக்கூடியவர் குருவையா என்றும் அதே தீர்மானத்தில் எழுதினார்கள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு குருவையா போவார். கண்ணுக்கெதிரே குண்டு சுற்றிக்கொண்டிருக்கும். சட்டத்தின் நாலு காலையும் நூல் பிடித்து ஒன்றேகால் முழம் பின்னால் வைப்பார். பிறகு ஐம்பது மீட்டர் நடந்துபோய், ஆளில்லாத விரிப்பை, அதன் மேலிருந்த தலையணை உறையோடு, ஒன்றேகால் முழம் முன்னால் இழுப்பார். நடுப்புள்ளியின் ஓட்டை ஒரு மயிரிழைகூட மேலோ கீழோ போகவில்லை என்று பார்த்துக்கொள்வார். அந்த ஒரு விஷயத்தில் அவர் ஏமாற்றவில்லை. முடித்துவிட்டுப் பத்துத் தோட்டா வாங்கிக்கொள்வார்.

எட்டாம் மாதம் கால் முழம் நகர்ந்ததுமே மணல் பெட்டியின் முதுகு பின்னாலிருந்த மண்மேட்டில் முட்டியது. மேட்டைக் குடையலாம் என்றார்கள், அதற்குப் பின்னாலிருக்கும் மதிலை உடைக்கலாம், மதிலுக்கு அப்பாலிருக்கும் வாழைத்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கலாம். தோப்பு வெங்கிடுபதியின் சம்பந்தி தோப்பு. குத்தகைக்கு ஆகிற பணத்தில் எழுபது ரூபாய்த் தோட்டா எத்தனையோ ஆயிரம் வாங்கலாமே என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது கழகத்தின் பணம், தோட்டா அவர்களுடையது. அந்த வாரமே நாலாவது வருட ஒப்பத்துக்கான தாளும் வந்தது. புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள்: ஒப்பமிடும் நேரம்.

குருவையா 'ம' எழுதினார், 'ரி' எழுதினார், பேரை முடித்துப் புள்ளி வைத்தார். பிறகு நேரத்துக்கான கட்டத்தைப் பார்த்தார். சுவர்க்கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. எழுத வரவில்லை. பேரைப் பொய்யாக மூன்று தரம் போட்ட கைக்கு, அந்தப் பேருக்குப் பக்கத்தில் ஒரு பொய்யான மணியைப் போட முடியவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் சிஸ்டர் ஒரு தரமாவது மணியைத் தப்பாக எழுதியிருப்பாரா என்று யோசித்தார். ஏழு இருபது என்று எழுதினார். எழுதியதும் முழுத் தாளையும் எட்டாக மடித்து வேட்டியில் செருகிக்கொண்டார்.

"என்ன குருவையா, தாளைக் குடுங்க" என்றார் வெங்கிடுபதி.

"குடுக்கிறதுக்கு இல்ல."

"பத்து பத்தலையா? பதினஞ்சா வாங்கிக்கங்க. வக்கீல் சார் அஞ்சு விட்டுக் கொடுப்பாரு."

"நான் ஏன் விட்டுக் கொடுக்கணும்?" என்றார் வக்கீல்.

குருவையா எழுந்து போனார். அவர்களோ அதற்குப் பிறகு ஒரு மணி நேரம், அந்த ஐந்து யாருடைய பங்கிலிருந்து கழிய வேண்டும் என்று சண்டை போட்டார்கள். அது முடியாமல் கூட்டம் மறுவாரத்துக்குத் தள்ளிப்போனது, அதனால் மேட்டைக் குடைய ஆள் வரவில்லை, அதனால் மாதத்தின் கடைசி ஞாயிறு விடிந்தபோது குண்டுக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடைதான் பாக்கி இருந்தது. நூலோடு வரவேண்டிய குருவையா ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து, சட்டத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

செய்தி போய் எல்லோரும் வந்து சேர ஏழாகிவிட்டது. வெங்கிடுபதி பல் விளக்காமல் வந்திருந்தார். சட்டத்தைத் தூக்கச் சொல்லி ஒச்சுவிடம் சொன்னார். ஒச்சு தன் முட்டியைக் காட்டி, இது குண்டு இடிச்ச முட்டி முதலாளி, பாரம் தூக்கினா மடங்கிரும் என்றார். எஸ்டேட்காரரும் வக்கீலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மணல் நிறைந்த பெட்டி. இரண்டு பேரும் ஆயுளில் பேனாவைவிடக் கனமானதைத் தூக்கியதில்லை. வக்கீலுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதற்குள் குண்டின் மூக்கு ஓட்டைக்கு முன்னால் வந்துவிட்டது, பிறகு யாரும் சட்டத்தைத் தொடத் துணியவில்லை.

நாலு வருடம் ஆமையாக வந்த குண்டு கடைசி விரற்கடையைக் கொஞ்சம் வேகமாகவே கடந்தது, வீட்டுத் தெருவுக்குள் திரும்பிவிட்டவர்கள் நடப்பதைப் போல. குருவையா மூக்கு அட்டையில் படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தார். ஒன்பது குண்டும் சேர்ந்து போட்டிருந்த சுண்டுவிரல் ஓட்டை. அதன் நட்டநடுவில் பத்தாவது குண்டு நுழைந்து, ஓரத்தில் காகிதத்தின் ஒரு பிசிறைக்கூடத் தொடாமல் உள்ளே போயிற்று. பெட்டிக்குள் மணல் 'சொத்' என்றது. குருவையா மணி பார்த்தார். ஏழு இருபது.

மாதம் நூறு தோட்டா போய்விட்டது என்று ஒவ்வொருவர் முகத்திலும் எழவு வீட்டுக் களை வந்தது. சிஸ்டரை அடக்கம் செய்த அன்று வராத களை. முதலில் தேறியவர் வெங்கிடுபதி. அட்டையை ஊசிகளிலிருந்து கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பத்தாவது எங்க? அட்டையில அடையாளம் இல்லையே. தீர்ப்பு அட்டையை வச்சுத்தான். ஒன்பது பத்து, தொண்ணூறு. கடைசி, குறி தவறியது."

"ஓட்டை வழியாப் போனதை நீங்களும்தான் பாத்தீங்க" என்றார் குருவையா.

"நான் பாத்தது வேற, விதி வேற."

"மணலைச் சலிச்சுப் பாருங்க."

"எந்தப் போட்டியிலய்யா மணலைச் சலிச்சு மார்க் போட்டிருக்கு?"

வக்கீல் இடுப்பைப் பிடித்தபடியே அது சரிதான் என்றார். தலைவருக்கு இரண்டாவது சந்தேகம் வரவில்லை. தொண்ணூறு என்று எழுதி, போட்டி முடிந்தது என்று எழுதி, உறுப்பினர் காலமானார் என்றும் அதே வரியில் எழுதினார்கள். பிறகு வெங்கிடுபதி, சிஸ்டரின் ஆன்மா சாந்தியடைய இரண்டு நிமிடம் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். குருவையா ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் போன பிறகு ஒச்சு மணல் பெட்டியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு வந்து, குருவையாவின் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். முட்டியைப் பற்றி குருவையா கேட்கவில்லை.

"மூணு வருசம் கையெழுத்துப் போட்டீங்களே சார்" என்றார் ஒச்சு, கயிற்றை இறுக்கிக்கொண்டே.

"போட்டேன்."

"அவங்க மாதிரியே இருந்துச்சு."

குருவையா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பாலம் தாண்டும்போதுதான் சட்டைப்பையில் கனம் மட்டும் இருக்கிறது, சூடு இல்லை என்று தெரிந்தது. எடுத்துப் பார்த்தார். கூடு கொஞ்சம் பச்சை பூத்திருந்தது.

வீட்டு முற்றத்தில் ரவை சலிக்கும் சல்லடையில், தண்ணீர் விட்டு, பிடி பிடியாக மணலைச் சலித்தார். மதியம் ஆயிற்று. ஈயம் தனித்தனியாக இல்லை. ஒரே வழியில் வந்து ஒன்றன் மேல் ஒன்று ஏறி, நசுங்கி, எலுமிச்சங்காய்ப் பிஞ்சைப் போல ஒரே கட்டியாகியிருந்தது. எத்தனை குண்டு அது என்று கண்ணால் எண்ண முடியாது. குண்டு ஒன்றுக்கு இரண்டு கிராம் அறுநூறு மில்லி என்பது தோட்டாப் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கும், பஞ்ச காலத்தில் அதைப் படிக்காதவர் யாருமில்லை. ஒன்பதென்றால் இருபத்துமூன்றரைக்குக் கிட்டே நிற்க வேண்டும். பஜாரில் நகைக்கடைத் தராசில் வைக்கச் சொன்னார். கடைக்காரர் இது என்ன உலோகம் என்று கேட்டுவிட்டு, ஈயம் என்றதும் சிரித்து, வைத்தார்.

கழகத்துப் பலகையில் இன்னமும் வெங்கிடுபதி, தொண்ணூற்றெட்டு என்றுதான் இருக்கிறது. போன வருடம் பொன் வர்ணத்தைப் புதுப்பித்தார்கள். ஏழு இருபது என்று எழுதிய தாளும், பச்சை பூத்த கூடும், ஈயக்கட்டியும் குருவையாவின் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கட்டியின் எடை இருபத்தாறு கிராம்.